அனுப்பின பாத்திரமெல்லாம் திரும்பி வந்த வீடு

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். என்ன முழிக்கிற? ராஜா எங்க, ராணி எங்கன்னு பாக்குறியா? ராஜா வீட்ல பாத்திரம் கழுவ ஆளு இருக்கும் தேனு, அங்க என்ன கதை இருக்கப் போகுது? பெரியம்மாவுக்கு இந்த மாதிரி வீட்டுக் கதைதான் வரும். தலகாணிய நேரா வச்சுக்கோ. ம் சொல்லிட்டே வரணும். நீ ம் சொல்லலன்னா கதை அங்கயே நின்னுடும், ஆமா.

"ம்."

அந்த வீட்ல மூணே மூணு பேரு. செங்கமலம்னு ஒரு மருமக. அவ புருஷன் வேலாயுதம். வேலாயுதத்தோட அம்மா தாயாரம்மா. அவ்வளவுதான் ஆளு. ஆனா பாத்திரம்? அம்மாடி! குடம், குண்டான், தூக்கு, தாம்பாளம், சம்படம், செம்பு, டவரா, டம்ளர், குத்துவிளக்கு... சமையல்கட்டுல பாத்திரம், கூடத்துல பாத்திரம், பரண்ல பாத்திரம், உள்ரூம் பூராவும் பாத்திரம். எள்ளு போட்டா எள்ளு கீழ விழாது.

எப்படி இவ்வளவு வந்துச்சுங்கிற? கல்யாணத்துக்கு வந்தது, வளைகாப்புக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது, வீடு கட்டினப்போ வந்தது. செங்கமலம் கல்யாணத்துக்கு வந்தது, தாயாரம்மா கல்யாணத்துக்கு வந்தது, அவங்க மாமியார் கல்யாணத்துக்கு வந்தது. எல்லாத்துலயும் பேரு வெட்டியிருக்கும். பாத்திரக்கடையில டிர்ர்ர்ர்னு ஒரு மிஷின வச்சு வெட்டுவாங்களே, அன்னிக்கு நீ காதப் பொத்திக்கிட்டியே, அதேதான். யாரு கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எந்த ஊரு, எல்லாம் இருக்கும்.

"வெட்டினா பாத்திரம் அழுவாதா பெரியம்மா?"

பாத்திரம் அழுவல கண்ணு. கழுவினவதான் அழுதா.

ஏன்னா அந்த வீட்ல ஒரு சட்டம். பேரு வெட்டின பாத்திரம் வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது. போனா கொடுத்தவங்க மனசு நோகுமாம். அதோட விட்டாங்களா? விருந்தாளி யாரு வந்தாலும், அவங்க கொடுத்த டம்ளர்லதான் அவங்களுக்குக் காப்பி கொடுக்கணும். மணப்பாறைச் சித்தப்பா வந்தா மணப்பாறைச் சித்தப்பா டம்ளரு. லால்குடி அத்தை வந்தா லால்குடி அத்தை டம்ளரு. காப்பியப் போட்டு வச்சுட்டு செங்கமலம் ஏணி வச்சு பரண்ல ஏறுவா. கடகடகட. அது இல்ல. மடமடமட. அதுவும் இல்ல. டங்ங்ங்! தலைல ஒரு தாம்பாளம். ஒருவழியா டம்ளரத் தேடி எடுத்து, துடைச்சு, இறங்கி வர்றதுக்குள்ள காப்பி ஆறி ஆடை கட்டிடும். சித்தப்பா அந்த ஆறின காப்பியக் கையில வாங்கி, "அடடே, நான் கொடுத்த டம்ளரு!"ன்னு சிரிப்பாரு. பாவம், அந்த மனுஷன் அந்த வீட்ல ஒரு நாளாவது சூடா காப்பி குடிச்சிருப்பாரா? மாட்டாரு.

அப்புறம் நாள் கிழமைன்னா கேக்கவே வேண்டாம். புளியப் போட்டு சரக் சரக். சாம்பலப் போட்டு சரக் சரக். விரல் நுனியெல்லாம் வெந்து போகும். தேய்ச்சு, கழுவி, காய வச்சு, மறுபடியும் அடுக்குவா. அதுல சமைக்கிறது கிடையாது, அதுல சாப்பிடறது கிடையாது. தேய்ச்சு அடுக்கறது மட்டும்தான். இதெல்லாம் ஒரு பொழைப்பா? நீயே சொல்லு.

"ம்..."

அப்போ ஒரு நாள் வாசல்ல சத்தம். "வளையலு... வளையலோய்!" ஊர் ஊரா வளையல் விக்கிற மஸ்தான் பாய். செங்கமலத்தோட அப்பா இருக்கற ஊருக்கும் அவரு போவாரு. அன்னிக்குப் பொட்டியக் கூட இறக்கல.

"தாயி, உங்க அப்பா அய்யாக்கண்ணு கிணத்தடியில சர்ருனு வழுக்கி விழுந்துட்டாரு. கால் பிசகிப் போச்சு. கஞ்சி வச்சுக் கொடுக்க ஆளில்ல. வீட்டு ஓடு வேற ஒழுகுது. மழை புடிச்சுக்கறதுக்குள்ள இங்க கூட்டிக்கிட்டு வந்துடு தாயி."

செங்கமலத்துக்கு அம்மா இல்ல. கூடப் பொறந்தவங்களும் இல்ல. இருக்கறது ஒரே ஒரு அப்பா. ஓடிப் போய் வேலாயுதத்துக்கிட்ட சொன்னா.

"கூட்டிக்கிட்டு வந்துடலாம், அதுக்கென்ன"ன்னாரு அவரு. நல்ல மனுஷன்தான். அப்புறம் சுத்திமுத்திப் பாத்தாரு. "ஆனா எங்க படுக்க வைக்கிறது?"

"பாத்திரத்தக் கொஞ்சம் குறைச்சா இடம் வரும்ங்க."

"அத அம்மாக்கிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும்."

"பாப்போம்."

இந்தப் பாப்போம் இருக்கே தேனு, அது ஆம்பளைங்க கண்டுபிடிச்ச வார்த்தை. உங்க பெரியப்பாவும் அதையேதான் சொல்லுவாரு. பாப்போம்னா பாக்க மாட்டேன்னு அர்த்தம்.

சரி, செங்கமலமாவது நேரா போய் "அத்தை, இந்த மாதிரி விஷயம்"னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. பயம். மாமியார் கத்துவாங்கன்னு இல்ல, மாமியார் அழுதுடுவாங்கன்னு. அதனால ஒரு குறுக்கு வழி யோசிச்சா. ஒவ்வொண்ணா, யாருக்கும் தெரியாம வெளிய அனுப்பிடலாம்னு.

"ம்."

முதல்ல என்ன பண்ணா? சக்கரைப் பொங்கல் வச்சா. ஒரு பெரிய தூக்கு நிறைய எடுத்துக்கிட்டு எதிர்வீட்டு ராக்காயி வீட்டுக்குப் போனா. "சாப்பிடுங்கக்கா. தூக்கு அவசரமில்ல, மெதுவா கொடுங்க. கொடுக்காட்டியும் பரவால்ல"ன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டா. தூக்கு போச்சுன்னு நெனச்சா.

மறுநாள் காலைல, டொக் டொக் டொக். யாரு? ராக்காயி! "இந்தா செங்கமலம் உன் தூக்கு. வெறும் பாத்திரத்தத் திருப்பிக் கொடுக்கலாமா? முறுக்கு சுட்டேன், நிறைய போட்டிருக்கேன். தூக்குல கொள்ளல, மிச்சத்த எங்க வீட்டுச் சம்படத்துல வச்சிருக்கேன். சம்படத்த நீயே வச்சுக்கோ!"

போனது ஒண்ணு, வந்தது ரெண்டு. சாண் ஏறினா முழம் சறுக்குது. செங்கமலம் முறுக்கைக் கடிச்சுக்கிட்டே அழுதா. கறுக் மொறுக், கறுக் மொறுக்.

சிரிக்காத. அவ அப்பா அங்க பிசகின காலோட கிடக்காருல்ல.

அப்புறம் ரெண்டாவது. தெருவுல ஒருத்தன் கூவிக்கிட்டு வந்தான். "பழைய துணிக்குப் பாத்திரம்ம்ம்!" செங்கமலம் அவனைக் கொல்லைப்பக்கமா கூப்பிட்டா. "ஏம்ப்பா, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கறியே, பாத்திரத்துக்குப் பழைய துணி கொடுப்பியா?"

அவன் தலையச் சொறிஞ்சான். அவன் பொழப்புல இப்படி யாரும் கேட்டதில்ல. "சும்மாவே கொடுக்கறேன், எடுத்துட்டு ஓடு"ன்னு ஒரு பித்தளைக் குடத்த அவன் கூடையில வச்சுட்டா. அவன் ஒரே ஓட்டம். அடுத்த தெருவுக்குப் போய்க் கூவினான். அங்க யாரு வந்தா தெரியுமா? தாயாரம்மாவோட ஒண்ணுவிட்ட தங்கச்சி குப்பம்மா! கூடையில குடம் மினுக்குது. எடுத்துப் பாத்தா, குடத்து மேல அவ பேரு!

வந்தாளே குப்பம்மா! தட்டுத்தடதடன்னு, கையில குடம், கண்ணுல தண்ணி. "அக்கா! நான் ஆசையா கொடுத்த குடத்தத் தெருவுல விக்க விட்டுட்டியே அக்கா!"

தாயாரம்மாவுக்கு ஒண்ணும் புரியல. "ஐயோ, நான் ஏன்டி விக்கப் போறேன், எந்தத் திருடன் எடுத்தானோ"ன்னு அவங்களும் அழ, இவளும் அழ, ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. செங்கமலம் கதவுக்குப் பின்னாடி நின்னு நகத்தக் கடிக்கிறா. அப்புறம் குப்பம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டு என்ன சொன்னா? "பாவம்க்கா நீ. திருட்டுப் போன வீடு. எங்க வீட்ல இதுக்கு ஜோடிக் குடம் ஒண்ணு இருக்கு, நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்." கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா ஆச்சு.

"அப்போ ரெண்டு குடமா?"

ரெண்டு குடம். ரெண்டையும் தேய்க்கணும்.

அதுக்குள்ள மஸ்தான் பாய் ரெண்டாந்தடவை வந்து சொல்லிட்டாரு. "மேகம் கட்டுது தாயி. உங்க அப்பா குடையப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருக்காரு." செங்கமலத்துக்குச் சோறு இறங்கல.

அப்புறம் மூணாவது. இது மகா தப்பு, நீ எந்தக் காலத்துலயும் இப்படிப் பண்ணாத. விடிஞ்சதும் விடியாததுமா ஒரு பெரிய செம்புப் பானைய முந்தானையில மூடி ஏரிக்கு எடுத்துட்டுப் போனா. தண்ணியில வச்சு அமுக்கினா. குளுக்... குளுக்... குளுக்... முங்கிப் போச்சு. நல்ல பாத்திரத்தப் போய்த் தண்ணில போடுவாளா ஒருத்தி? ஆனா அவ கஷ்டம் அவளுக்கு. கையக் கூப்பி, "ஏரியாத்தா, நீயாவது வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு வந்துட்டா.

ஏரி வச்சுக்கிச்சா? மத்தியானம் மீன்காரர் வலை போட்டாரு. இழுக்கறாரு, இழுக்கறாரு, வலை வரல. அட, பெரிய மீனுன்னு நெனச்சு, ஏலேலோ ஐலசான்னு இழுத்தா, பொதக்குனு வந்துச்சு பானை! மேல என்ன எழுதியிருக்கு? தாயாரம்மாளுக்கு. சாயங்காலம் வாசல்ல வந்து நிக்கிறாரு. "ஆத்தா, உங்க பானை தண்ணில வழுக்கிடுச்சு போல. உள்ள ரெண்டு கெண்டை கிடக்கு, குழம்பு வச்சுக்கோங்க!"

தாயாரம்மா பானையப் பாத்தாங்க. மருமகளப் பாத்தாங்க. "ஏம்மா செங்கமலம், நம்ம வீட்டுப் பாத்திரம் மட்டும் ஏன் இப்படி வெளிய வெளிய ஓடுது?"

"தண்ணி எடுக்கப் போனேன் அத்தை, கை வழுக்கிடுச்சு."

முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சா. குழாயடிய விட்டுட்டு ஏரிக்கு யாரு தண்ணி எடுக்கப் போவா? மாமியார் கெண்டைய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. மீன் குழம்பு நல்லா இருந்துச்சாம், அது வேற விஷயம்.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல. தாத்தா வந்தாரா?"

வந்தாரே. மழை வந்துச்சு. சடசடசடசட. ரெண்டு நாள் விடல. அப்போ மஸ்தான் பாய் என்ன பண்ணாரு, இவங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தா கிழவர் நனைஞ்சு செத்துப்போவாருன்னு அவரே பஸ்ஸுல ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. டக்... டக்... டக்... கம்பு ஊனிக்கிட்டு அய்யாக்கண்ணு வாசப்படி ஏறினாரு. தோள்ல ஒரு துணிப்பை. வேட்டியெல்லாம் ஈரம்.

"அப்பா!"ன்னு ஓடினா செங்கமலம்.

தாயாரம்மாவும் ஓடி வந்தாங்க. "வாங்க சம்பந்தி, வாங்க. ஐயையோ, கால்ல என்ன கட்டு? உள்ள வாங்க, உக்காருங்க."

உக்காருங்கன்னு சொல்லிட்டாங்க. எங்க உக்கார்றது? நாற்காலி மேல குண்டான். பெஞ்சு மேல தாம்பாளம். கீழ உக்காரலாம்னா குடம் குடமா நிக்குது. வேலாயுதம் அவசரமா ஒரு அடுக்கத் தள்ளினாரு. கடகடகட மடமடமட டண்டணக்கா டங்! அந்தப் பக்க அடுக்கு இந்தப் பக்கம் விழுந்துடுச்சு. கிழவர் ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டு, கம்பப் புடிச்சுக்கிட்டு, கொக்கு மாதிரி நிக்கிறாரு.

அப்போ அவரு கண்ணு கூடத்து மூலைக்குப் போச்சு. அங்க ஒரு பித்தளை அண்டா. மகராசன் மாதிரி மணை மேல உக்காந்திருக்கு. அதுல அவரு பேரு. அய்யாக்கண்ணு, மக செங்கமலத்துக்குன்னு. கல்யாணச் சீருக்கு அவரு கொடுத்தது. அதப் பாத்துட்டு அவரு சிரிச்சாரு.

"தாயி, என் பேரு இந்த வீட்ல சௌக்கியமா உக்காந்திருக்கு. அத ஒரு நிமிஷம் எழுப்பிட்டு, அந்த இடத்துல என்னைய உக்கார வைக்கிறியா? கால் வலிக்குது. மழை விட்டதும் நான் பஸ்ஸப் புடிச்சுப் போயிடறேன்."

செங்கமலம் அப்பா தோளத் தாங்கிப் புடிச்சுக்கிட்டா.

தாயாரம்மா மெதுவா கேட்டாங்க. "கால் எப்போ பிசகிச்சு?"

"அது ஆச்சும்மா, ஆடியிலயே."

"ஆடியிலயா? ஏம்மா செங்கமலம், உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் என்கிட்ட ஏன் சொல்லல?"

செங்கமலம் உடைஞ்சு போயிட்டா. "சொன்னா பாத்திரத்த எடுக்கணும்னு சொல்லணுமே அத்தை. பயமா இருந்துச்சு. தூக்கக் கொடுத்தேன், குடத்தக் கொடுத்தேன், பானைய ஏரியில போட்டேன். எல்லாம் திரும்பித் திரும்பி வந்துடுச்சு. எங்கப்பாவுக்கு ஒரு பாய் போட இடம் வேணும் அத்தை."

"என்னைப் பாத்தா உனக்குப் பயம்?" தாயாரம்மா அவ கிட்ட வந்து நின்னாங்க. "நான் அடிச்சேனா உன்னை? திட்டினேனா?"

"நீங்க அழுவீங்கன்னு அத்தை."

அப்போ தாயாரம்மா நிஜமாவே அழுதுட்டாங்க. அண்டாவுக்குப் பக்கத்துல ஒரு செம்பு கிடந்துச்சு, அதக் கையில எடுத்துக்கிட்டு, அதுல இருக்கற பேர விரலால தடவிக்கிட்டே சொன்னாங்க. "இது எங்க சின்னக்கா. போய்ச் சேந்துட்டா. அது எங்க மாமா. அவரும் இல்ல. என் கல்யாணத்துக்கு வந்தவங்கள்ல பாதிப் பேரு இல்ல. பாத்திரத்த விட்டா அவங்களையும் விட்ட மாதிரி ஆயிடும்னு இருந்தேன். உசிரோட இருக்கற மனுஷன் ஒத்தக் கால்ல நிக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே."

பாவம்ல தேனு? ரெண்டு பேரு மேலயும் தப்பில்ல. ஒருத்தி வாயத் திறக்கல, ஒருத்தி கண்ணத் திறக்கல. அவ்வளவுதான்.

"ம்."

அப்புறம் தாயாரம்மா முந்தானையால மூக்கச் சிந்திட்டு, இடுப்புல சொருகினாங்க. "டேய் வேலாயுதம்! என்ன பாத்துக்கிட்டே நிக்கிற? புடிடா அண்டாவ!" அவரு பாப்போம்னு சொல்ல வாயெடுத்தாரு. அம்மா மொகத்தப் பாத்தாரு. வாய மூடிக்கிட்டுப் புடிச்சாரு. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் புள்ளை. ஹேய்ய்! ஹேய்ய்! அண்டா வாசலுக்குப் போச்சு. மாரியம்மன் கோயில்ல அன்னதானம் ஆக்க அண்டா இல்லாம தவிச்சுக்கிட்டிருந்தாங்க, நேரா அங்க போயிடுச்சு. அந்த இடத்துல பாயப் போட்டு, தலகாணி வச்சு, கிழவர உக்கார வச்சாங்க. அவரு காலை நீட்டிக்கிட்டு, "அப்பாடா"ன்னாரு பாரு, அந்த அப்பாடா தெருமுனைக்குக் கேட்டுச்சாம்.

மறுநாள் மழை விட்டுச்சு. தாயாரம்மா பாத்திரத்தையெல்லாம் வாசல்ல பரப்பிட்டாங்க. தெருவையே கூப்பிட்டாங்க. "யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்க."

யாரும் கிட்ட வரல. ராக்காயிதான் தயங்கித் தயங்கிக் கேட்டா. "எப்படி எடுக்கறது, எல்லாத்துலயும் பேரு இருக்கே?"

"இருந்தா இருக்கட்டும். நீ தண்ணி ஊத்திக் குடி. இது யாருன்னு உன் புள்ளைங்க கேட்டா, என்கிட்ட அனுப்பு, நான் சொல்றேன். இந்தா, வாயத் திறந்து சொல்றேன், இது உனக்கு. திருப்பிக் கொண்டாராத. முறுக்கும் வேண்டாம்!"

அப்புறம் போச்சு பாரு! ஒருத்தருக்குக் குடம், ஒருத்தருக்குத் தூக்கு. புதுசா கல்யாணமான பொண்ணுக்குக் குத்துவிளக்கு. மீன்காரருக்கு அந்தப் பானையே. குப்பம்மாக்கிட்ட தாயாரம்மா நேர்ல போய் விஷயத்தச் சொல்லி, ஜோடிக் குடத்தக் கொடுத்து, ஒரு வாய் காப்பியும் குடிச்சுட்டு வந்தாங்க. யாரு மனசும் நோகல. சின்னக்கா செம்ப மட்டும் வச்சுக்கிட்டாங்க, அது அவங்க ஆசை. அதக் கேக்க நாம யாரு?

மணப்பாறைச் சித்தப்பா வந்தப்போ, கைக்கு அகப்பட்ட டம்ளர்ல காப்பி கொடுத்தா செங்கமலம். அவரு ஒரு வாய் குடிச்சுட்டு, "ஸ்ஸ்ஸ்... நாக்கு வெந்துடுச்சு"ன்னாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சாம், சந்தோஷத்துல.

"ம்..."

இரு, இன்னும் கொஞ்சூண்டு இருக்கு. வீட்ல மூணு பேருன்னு சொன்னேன். ஆனா தாயாரம்மா எங்க படுத்தாங்கன்னு நீ கேக்கவே இல்ல. செங்கமலமும் கேட்டதில்ல. பாத்திரம் வச்சிருந்த உள்ரூம்லதான் படுப்பாங்கன்னு தெரியும். எப்படிப் படுப்பாங்கன்னு எட்டிப் பாத்ததில்ல. பாத்திரத்தையெல்லாம் கொடுத்த அன்னிக்கு ராத்திரி அந்த ரூமும் காலி ஆச்சா, செங்கமலம் விளக்கணைக்கப் போனா. அங்க மாமியார் தூங்கறாங்க. கையொரு பக்கம், காலொரு பக்கம், பாய் பத்தாம தரையெல்லாம் நீட்டி, கொர்ர்ர்னு குறட்டை. இத்தனை வருஷமும் குடத்துக்கும் குண்டானுக்கும் நடுவுல காலை மடக்கி, சுருண்டு சுருண்டே படுத்திருக்காங்க. செங்கமலம் அப்படியே வாசப்படியில நின்னுட்டா.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்"னு புருஷனக் கூப்பிட்டா. "அத்தை இவ்வளவு உயரமா!"

சொன்ன கதை படுத்துக்கிச்சு, கேட்ட காதும் படுத்துக்கட்டும். காலை நல்லா நீட்டிக்கோ தேனு. தூங்கு.